டோலைத் தாண்டிய எலுமிச்சம்பழம்

எனக்கு யாரையும் லேசில் பாராட்ட வராது. பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரே வீட்டில் வாழ்கிறவளைப் பாராட்டுவது இன்னும் கஷ்டம், தலையில் ஏறிக்கொள்வாள். ஆனாலும் அவள் எழுதிய நாவலைக் கொமுட்டர் ரயிலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த ஆன்டி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

கதை இதுதான். கிள்ளானில் ஒரு பெண் கார் வாங்கிக் கோயிலில் பூசை போடுகிறாள். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று நசுங்க மறுத்து, வெளியே குதித்து உருண்டோடுகிறது. சிவப்பு விளக்கில் ஒழுங்காக நிற்கிறது. நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டும் டோலைத் தாண்டி, அம்பாங்கில் கேக் கடை வைத்திருக்கும் இன்னொரு பெண்ணின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை முறை கொண்டுவந்து வைத்தாலும் இதே கூத்துதான். இருவரும் மனதில் இருப்பதை வாய்திறந்து சொல்லும்வரை பழம் நசுங்காது.

எங்களைப் போலப் பெண்ணும் பெண்ணும் காதலித்தால் கடைசியில் ஒருத்தியாவது சாகவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, இவள் கதையில் யாரும் சாகவில்லை. சண்டை போடுகிறார்கள், கேக்கைக் கருக்குகிறார்கள், முத்தமிடப்போகும் நேரம் பார்த்து அந்தப் பழத்தை மிதித்து வழுக்கி விழுகிறார்கள். சிரிக்கவைத்துக்கொண்டே அழவும் வைக்கிறாள் பாவி. எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி எழுத வராது.

சிக்கல், என் அம்மா அவள் எழுதுவது எதையும் விடாமல் படிப்பவர். கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்கு அவள் என் 'ஹவுஸ்மேட்' மட்டும்தான். நாவலில் வரும் சமையலறையும் சண்டைகளும் அப்படியே எங்களுடையவை. படித்தால் விளங்கிவிடும். விளங்கி, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போவேன்?

"பயமா இருந்தா குடுக்காத. நான் கோச்சுக்க மாட்டேன்," என்றாள் அவள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு தைரியமாக எழுதியவளின் புத்தகத்தை நான் அலமாரியில் ஒளித்துவைப்பதா? கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

தினமும் போன் போட்டுச் சாப்பாட்டை விசாரிக்கும் அம்மாவிடமிருந்து அதன் பிறகு பேச்சுமூச்சில்லை. ஒருநாள் திடீரென்று அழைத்தார். "புதுக் காரு எடுத்தீங்கள்ல? சனிக்கிழம காலைல கோயிலுக்குக் கொண்டாங்க. ரெண்டு பேரும் வரணும்." நாவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பூசைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அம்மா எங்கள் குடும்பத்துக்கே மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அவளோ பந்திங் ஊரில் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. நட்சத்திரம் என்றால் கிறிஸ்மஸுக்கு வாசலில் தொங்கவிடுவது. ஐயர் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம், "சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்று ஒதுங்கிக்கொள்வாள்.

அன்றும் அதற்குத்தான் வாயெடுத்தாள். "இரு லா," என்றார் அம்மா. என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அதே மூச்சில் அவள் பெயரையும் சொல்லி, "சுவாதி, துலாம் ராசி. ஒரே குடும்பம் சாமி, சேத்தே சொல்லுங்க," என்றார்.

அவள் திகைத்துப்போனாள். "ஆன்டி, எனக்கே தெரியாதே!"

"ஒங்கம்மாவுக்குப் போன் போட்டுப் பொறந்த நேரத்தக் கேட்டேன். எதுக்குன்னாங்க. கார் பூசைக்குன்னேன். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னாங்க. ஒங்க பொண்ணு போகட்டும், காரு எங்க கோயிலுக்கு வரட்டும்னேன். சிரிச்சிட்டாங்க."

ஐயர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார். நான் வண்டியை மெல்ல முன்னே நகர்த்தினேன். அம்மா முட்டிவலியையும் பொருட்படுத்தாமல் குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் பார்த்தார். பிறகு என் ஜன்னலருகே வந்தார்.

"எல்லாம் நசுங்கிடுச்சு. இது ஒண்ணும் அம்பாங்குக்கு ஓடாது. நேரா வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும், சோறு ஆக்கி வெச்சிருக்கேன்."

எனக்குக் கண்ணீர் பாதையை மறைத்தது. இறங்கிச் சாவியை அவளிடம் கொடுத்தேன்.