பூவம்மாள் பேசிய பக்கம்

பாபநாசம் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக்கைத் தெரியாதவர் கிடையாது. எதற்காகத் தெரியும் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆண்களைத் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அனுப்பிவிட்ட வீடுகளுக்கு அவர் கேசட் கடை பாய். கல்யாண மண்டபத்துக்காரர்களுக்கு மைக் பிடிக்கிற பாய். எங்களைப் போல அவரிடம் வாராவாரம் தோற்றவர்களுக்கு செஸ் மாஸ்டர். நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தவன். சாயங்காலமானால் அவர் கடையில்தான் கிடப்பேன். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் உண்டு. ஆகவே நான் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் தாராளமாக நம்பலாம்.

இந்தப் பக்கத்துச் செஸ் போட்டிகளில் இன்றைக்கும் மைக்கில் ஆட்டத்தை விளக்கிச் சொல்கிறவர் அவர்தான். ஆனால் நடுவில் ஆறு வருடம் அவர் மைக்கைத் தொடவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பத்து நாலில் மெட்ராஸுக்கு ஒரு ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் வந்து பயிற்சி முகாம் நடத்தினார். பெயர் ட்ரோஸ்தின். அவர் சாம்பியன் பட்டம் எதுவும் வாங்கியவர் இல்லை. பட்டம் வாங்கியவர்களைத் தயார் செய்தவர். போட்டி நடக்கும் அரங்குகளில் பெரிய பலகை முன் நின்று, பார்க்க வந்த ஜனங்களுக்கு ஆட்டத்தை விளக்குவதையே பாதி வாழ்க்கையாகச் செய்தவர். சாதிக் அப்போது மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர். திருவல்லிக்கேணியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி அந்த முகாமுக்குப் போனார். ரஷ்யன் பேசியதை ஒரு அம்மாள் இங்கிலீஷில் சொல்ல, அதில் பாதி இவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த பாதியை வைத்தே ஊர் திரும்பி எங்களைப் பாடாய்ப் படுத்தினார்.

ட்ரோஸ்தின் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் விடவே இல்லை. ஒரு காய் நகர்ந்தால் அது போய் நின்ற இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். விளக்கிச் சொல்கிறவன் அது விட்டு வந்த கட்டத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் இதை எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. நான் பார்த்தேன், தோற்றேன்.

எங்கள் பக்கத்தில் செஸ் போட்டி ஆடியிலும் மார்கழியிலும்தான் நடக்கும். முகூர்த்தம் இல்லாத மாதங்கள் என்பதால் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையைக் குறைத்துக்கொள்வார்கள். மாடியில் ஆட்டம் நடக்கும். கீழே சாப்பாட்டுக் கூடத்தில், கொக்கியில் காய்களை மாட்டிய பெரிய பலகைக்குப் பக்கத்தில், மைக்கோடு சாதிக் நிற்பார். செஸ் தெரியாத நெல் வியாபாரிகள்கூட வந்து உட்காருவார்கள். “கறுப்பு ராஜா கோட்டை கட்டிக்கிட்டாரு. நல்லா இருக்கட்டும். காவலுக்கு நின்ன குதிரை சந்தைக்குப் போயிடுச்சே, வாசல்ல இப்ப யாரு இருக்கா?” என்பார். கூடம் மொத்தமும் அந்த வாசலைப் பார்க்கும். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு வசியம்.

கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. வந்தவர்களில் ராஜராஜன் மட்டும் வேறு ரகம். குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். அப்பா வைத்தியலிங்கம் குத்தகைக்கு நிலம் வைத்துப் பயிர் செய்தவர். அம்மா பூவம்மாள். ராஜராஜன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தன்னால் வாங்க முடியாத பட்டத்தை இவன் வாங்குவான் என்று சாதிக் நம்பினார். வெளியே சொல்லவில்லை. ஆனால் அவன் ஆடும்போது மட்டும் கடைக்கு வந்த ஆளைக் கவனிக்க மாட்டார்.

தண்ணீர் வராமல் குறுவை போன ஒரு வருடம் ராஜராஜன் துபாய்க்குப் போனான். அந்த வாரம் அவன் உட்காரும் நாற்காலியில் சாதிக் யாரையும் உட்கார விடவில்லை. அதே சமயத்தில் ஒரு செஸ் பத்திரிகையில் ட்ரோஸ்தினைப் பற்றி ஒரு சிறு செய்தி வந்திருந்தது. சோவியத் உடைந்தபின் அவர் பிழைப்புக்காக ஸ்பெயினில் ஏதோ ஒரு சிறிய ஊர் கிளப்பில் பயிற்சி கொடுக்கிறாராம். அவருக்கும் ஒரு துபாய் கிடைத்துவிட்டது என்றேன் நான். சாதிக் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகு சங்கடமாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் என்றால் கேசட்தான். வளைகுடாவுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். அங்கே கேட்டுவிட்டு, அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். இங்கே கேட்டுவிட்டு மறுபடி அதன்மேலேயே பேசுவார்கள். எந்தப் பேச்சும் அடுத்த பேச்சு வரும்வரைதான் இருக்கும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

டேப் ரெக்கார்டர் இல்லாத வீட்டுப் பெண்கள் சாதிக் கடைக்கு வந்து பேசுவார்கள். அதில் அவருக்கு ஒரு முறை உண்டு. பதிவு பட்டனை அழுத்துவார், கண்ணாடிக் கதவைச் சாத்துவார், ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரியில் போய் நிற்பார். கடை வாசலில் நின்றால் காதில் விழுமாம். எதிர்ச்சாரியில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. பேசி முடித்ததும் உள்ளேயிருந்து வளையலால் கண்ணாடியைத் தட்டுவார்கள். இவர் வந்து மெஷினை நிறுத்துவார். புருஷனிடம் பேசுவதோ பிள்ளையிடம் பேசுவதோ, ஒருத்தி பேச்சைக்கூட அவர் ஒட்டுக்கேட்டதில்லை. குடையாவது பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாதா என்று அவர் மனைவி தஹ்மீனா சண்டை போடுவார். அதுவும் நடக்கவில்லை.

ராஜராஜனின் கேசட்டில் ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் மாஸ்டருக்கு. துபாயில் ஒரு கிளப்பில் வெள்ளிக்கிழமைகளில் ஆடிய ஆட்டங்களை வாயாலேயே சொல்லி அனுப்புவான். சாதிக் அவற்றைப் பலகையில் ஆடிப் பார்த்து, மண்டபத்தில் பேசுவது போலவே விளக்கம் பேசி அனுப்புவார். நாலு வருடம் இப்படி ஓடியது. ஒவ்வொரு கேசட்டிலும் அவன் ஆட்டம் ஏறிக்கொண்டே வந்தது என்பதை, தோற்றே பழகிய நானே கண்டுபிடித்தேன்.

தொண்ணூற்று ஏழு புரட்டாசியில் பூவம்மாள் வந்து பேசிவிட்டுப் போனார். வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் ஆனது என்று சாதிக் பிற்பாடு சொன்னார். வெயிலில் நின்றவருக்குச் சட்டை முதுகு முழுக்க நனைந்து, தலை சுற்றியிருக்கிறது. பூவம்மாள் போனபின் சாதிக் தன் பக்கத்தைப் பேச உட்கார்ந்தார். ராஜராஜன் அந்த முறை அனுப்பியது, கிளப் போட்டியின் கடைசி ஆட்டம். ஒரு பிலிப்பினோக்காரனிடம் தோற்றிருந்தான். அவன் தவறவிட்ட ஒரு ஜெயிக்கும் வழியை சாதிக் கண்டுபிடித்திருந்தார். பேசினார், பேசினார், பக்கம் முடிந்துவிட்டது. விளக்கம் பாதியில் நிற்கிறது. புது கேசட் ஒன்றுகூடக் கடையில் இல்லை. சரக்கு மறுநாள்தான் கும்பகோணத்திலிருந்து வரும்.

அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். பூவம்மாள் பேசிய பக்கத்தில் மிச்சத்தைப் பேசினார். நாளைக்குப் புது கேசட் வந்ததும் பூவம்மாளைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் போயிற்று, மாசாமாசம் சொல்வதைத்தானே சொல்லப்போகிறது என்று நினைத்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை நடவு வயலில் பூவம்மாள் மயங்கி விழுந்தார். வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

ராஜராஜன் வேலை பார்த்த கம்பெனி அவனை விடவில்லை. பாஸ்போர்ட் அவர்கள் கையில். வைத்தியலிங்கம் மகன் இல்லாமலே கொள்ளி வைத்தார். காரியம் முடிந்த அன்று, பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு போன் வந்தது. சாதிக்கைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அம்மா கடைசியாகப் பேசிய கேசட் உங்களிடம்தானே இருக்கிறது, அதை உடனே அனுப்பிவிடுங்கள் மாஸ்டர் என்று ராஜராஜன் அழுதிருக்கிறான். சாதிக் போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். விஷயம் எனக்கு முந்தின நாளே தெரியும். டேப் மெஷினில் சிக்கி அறுந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன் மெதுவாக. யார் வீட்டில் சிக்கவில்லை? அவனும் நம்பியிருப்பான். எனக்கு அதில் இன்றும் தப்புத் தெரியவில்லை.

“ராஜா, அது மேல நான் பேசிட்டேன்ப்பா,” என்றார் சாதிக். “நான்தான் அழிச்சேன். அவங்க என்ன பேசுனாங்கன்னும் எனக்குத் தெரியாது. நான் வெளியில நின்னேன்.”

  மறுமுனையிலிருந்து “சரி” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அதற்குப்பின் துபாயிலிருந்து கேசட் வரவில்லை, ஆட்டமும் வரவில்லை. அந்த மார்கழியில் கும்பகோணம் போட்டிக்கு மைக் பிடிக்க வரச் சொல்லி ஆள் வந்தபோது சாதிக் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆடிக்கும் அதேதான். இவ்வளவு பேசியது போதும் என்பார். பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் அதிலும் வாயைத் திறக்காமல், காயை எடுத்துத் திருப்பி வைத்துக் காட்டுவார். பெண்கள் வந்தால் பட்டனை அழுத்திவிட்டு முன்போலவே எதிர்ச்சாரிக்குப் போவார். அந்தக் கேசட்டை ஒரு துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தார். போட்டுக் கேட்கவும் மாட்டார், தூக்கிப் போடவும் மாட்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதன் தன்னைத்தானே இப்படித் தண்டித்துக்கொள்வதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கும் தண்டனைதான்.

காலம் மாறியது. சிடி வந்தது, செல்போன் வந்தது. கடையில் ரீசார்ஜ் கூப்பன் தொங்கியது. கேசட் கேட்டு வருபவர் யாரும் இல்லை. டேப் ரெக்கார்டர் ஒன்று மட்டும் மூலையில் இருந்தது.

ரெண்டாயிரத்து மூணில், சம்பாவுக்கும் தண்ணீர் தட்டுப்பாடாக இருந்த சமயம், ஒரு நடுப்பகலில் ராஜராஜன் கடைக்குள் வந்தான். உடம்பு பருத்து, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வாங்க என்று சாதிக் எழுந்தார். அவனைப் போய் வாங்க என்கிறாரே என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். ராஜராஜன் உட்காரவில்லை.

“அந்தக் கேசட் இருக்கா மாஸ்டர்?” என்று கேட்டான்.

சாதிக் ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்தார். அதில் தன் குரல் மட்டும்தான் இருக்கும் என்று சொன்னார். பரவாயில்லை, அம்மா பேசின டேப் அது, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்றான் ராஜராஜன். சாதிக் கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தி, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு ரோட்டைக் கடந்தார். நானும் அவர் பின்னாலேயே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ராஜராஜன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தன் குரலை அவன் கேட்கிறான் என்ற நினைப்பே சாதிக்கை அறுத்தது. உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ராஜராஜன் எழுந்தான். கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு வாசலுக்கே வந்தான்.

“வெயில்ல நிக்காதீங்க மாஸ்டர். உள்ள வாங்க,” என்றான்.

போனோம். அவன் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றி, மறுபடி ஓடவிட்டான். முதலில் சாதிக்கின் பழைய குரல், மண்டபத்தைக் கட்டிப்போட்ட அதே குரல்: “குதிரையைத் தூக்கிட்டு முன்னால போயிட்ட, சரி. அது நின்ன எடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா ராஜா?” டக்கென்று ஒரு சத்தம். அவர் அங்கே நிறுத்தியிருக்கிறார். டேப் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. அதை அவர் அன்றைக்குப் பார்க்கவில்லை, ஆறு வருடமும் பார்க்கவில்லை. பூவம்மாள் அன்று பேசியதன் வால் அங்கே அப்படியே இருந்தது.

“...அப்பா முழங்கால் வலி தேவலாம்னு சொல்லச் சொன்னாரு. தேவலாமெல்லாம் இல்ல, நீ கவலைப்படாத. இன்னும் நெறைய சொல்லணும் ராஜா. பாய் எதிர்த்தாப்புல வெயில்லயே நிக்கிறாரு, பாவம். என்னால ஒரு மனுஷன் எம்புட்டு நேரம் நிப்பாரு? நிப்பாட்டிக்கிறேன். மிச்சத்தை அடுத்த கேசட்டுல சொல்றேன்.”

பிறகு கண்ணாடியில் வளையல் தட்டும் சத்தம்.

அதைக் கேட்டதும் சாதிக் எழுந்துவிட்டார். எத்தனையோ வருடப் பழக்கத்தில், யாரோ கூப்பிட்டதுபோல, கதவைத் திறக்க நாலு எட்டு வைத்துவிட்டார். ராஜராஜன் போய் அவர் கையைப் பிடித்தான்.

“வந்துட்டீங்க மாஸ்டர்,” என்றான். “உள்ளதான் இருக்கீங்க.”