டிராகன் கதையின் கடைசிப் பாகம்

மிஷன் வீதிப் புத்தகக் கடையில் நான் வேலை பார்த்தபோது அவர் அடிக்கடி வருவார். டவுன் பஸ் ஓட்டுநர், முதலியார்பேட்டைக்காரர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மகளுக்காக ஓர் ஆங்கிலக் கதைத் தொடரைப் பாகம் பாகமாக வாங்கிப்போனார். தம்பியை எரித்துக் கொன்ற டிராகன்களைப் பழிவாங்கக் கிளம்பும் ஒரு பெண்ணின் கதை அது.

கடைசிப் பாகம் வந்ததும் போன் செய்தேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வந்து நின்றபோதுதான், மகள் காய்ச்சலில் இறந்துபோனதைச் சொன்னார். புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதும்மா. நீ படிச்சிட்டியா? அந்தப் பொண்ணு கொன்னுட்டாளா?"

"கொன்னுட்டா சார். எல்லாத்தையும்."

"அப்புறம் என்னா பண்ணா?"

தயங்கினேன்.

"வீட்டுக்குத் திரும்பி வந்தா. யாருமில்ல. தம்பி பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாக்குறா. அதோட முடியுது சார்."

அட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ ஜெயிச்சிடுவான்னு ஆஸ்பத்திரிலகூட சொல்லிக்கிட்டே இருந்துச்சி எம் பொண்ணு. ஜெயிச்சிட்டான்னு மட்டும் அதுகிட்ட சொல்லிக்கிறேன். மீதிய சொல்ல மாட்டேன்."

அதன்பின் அவர் கடைக்கு வரவில்லை. மகளுக்குச் சொல்லாத அந்த மீதியை அவர் தனியாக எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.