நாற்பது நாள் கடலில் தொங்கிய தகடு

கிண்ணியாவில் சனூஸா நடத்தும் கொட்டிலில், கடல்நீர் ஒட்டாத பூச்சினை இரும்புக்குப் பூசுகிறார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு வர்ணம் பூசிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒன்பது ஆண்டுகள் கலவை கலந்தவர் அவர். சொந்தமாகத் தொடங்கி ஆறு மாதமாகியும் வீட்டு வாசற் படலைகளும் சைக்கிள்களுமே வந்துகொண்டிருந்தன. மீனவர் சங்கம் தன் படகுகளின் இரும்புச் சட்டங்களைத் தந்தால் கொட்டில் நிலைக்கும். தராவிட்டால் அதனை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும்.

பூச்சுப் பூசிய தகடொன்றை நாற்பது நாள் கடலில் தொங்கவிட்டுப் பார்ப்போம் என்றார் சங்கத் தலைவர் கலீலுர் றஹ்மான். அவரும் நண்பர்களும் கொட்டிலுக்கு வந்தபோது, சனூஸா தகட்டின் மேல் சில துளி நீர் தெளித்தார். சேம்பிலையில் விழுந்ததுபோல அவை உருண்டோடின.

“இறுக இன்னும் மூணு நாள் வேணும். ஒருத்தரும் கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குச் சென்றார்.

வர்ணம் காய்ந்ததா என்று பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது படகுக்காரர்களின் பழக்கம். அவர் திரும்பி வருவதற்குள் நான்கு பெருவிரல்கள் தகட்டில் பதிந்துவிட்டன.

நாற்பதாம் நாள் இறங்குதுறையில் தகட்டைத் தூக்கினார்கள். பாசியைத் துடைத்ததும் நான்கு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

“துரு புடிச்சிட்டு, புள்ள. இது நமக்குச் சரிவராது” என்றார் கலீலுர் றஹ்மான்.

சனூஸா புள்ளிகளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, “காக்கா, உங்கட பெருவிரல இதுல வைங்க” என்றார்.

“ஏன், கைநாட்டா? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.”

“கைநாட்டு அண்டைக்கே வெச்சிட்டீங்க.”

விரல் புள்ளியில் அப்படியே பொருந்தியது.

“அந்தக் கோணல் புள்ளி ஸஹாப்தீன்ட. அவன்ட விரலத் தெரியாத ஆள் ஆர்?” என்றார் ஒருவர். அருகில் நின்ற ஸஹாப்தீன் தன் வளைந்த பெருவிரலைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டார், எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் தகட்டைத் திருப்பினார். யாரும் தொடாத பின்பக்கத்தில் ஒரு துருப்புள்ளிகூட இல்லை.

“அப்ப பூச்சில பிழையில்ல?”

“இல்ல காக்கா. இறுக முந்தி அழுத்தின இடம் மட்டும்தான் மெலிஞ்சுபோச்சு.”

“சரி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாமான் வரும்.”

சொன்னபடியே பன்னிரண்டு படகுகளின் சட்டங்கள் வந்திறங்கின. அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்த சனூஸாவின் கணவர் ஹஸ்மி, “ரெண்டு படகோட தொடங்கியிருக்க ஏலாதா?” என்று முணுமுணுத்தார். சனூஸா அதற்குள் முதற் சட்டத்தைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.