ஈவ்லின் டீச்சரின் பதினொரு பிள்ளைகள்

ஈவ்லின் டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தை மூடியபோது நாற்பத்தெட்டு. இடையில் இருந்த இருபத்திரண்டு வருடமும் ஒரே அறையில், ஒரே கரும்பலகை முன்னால் நின்று பாடம் சொன்னார். நான் துரை. அடுத்த அறையில் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவர் என்ன செய்தார் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். உதவியவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நந்திதுர்க் பக்கம், கிறிஸ்தவ சபை கட்டிக்கொடுத்த தமிழ்வழிப் பள்ளி அது. சுரங்கம் ஓடிய காலத்தில் இடம் போதாமல் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட் என்று நடந்திருக்கிறது. கடைசியில் என் அறையில் ஒன்பது பேர், அவர் அறையில் ஐந்து, ஆறு, ஏழு மூன்று வகுப்பும் சேர்த்துப் பதினொரு பேர். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார்கள். திரும்பும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். அங்கே இங்கிலீஷ் தெரியாமல் தினமும் பட்ட அவமானத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த ஜூனில் ஒரு பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விடும்.

மூடுவதற்கு முந்தைய வருடம் ஜூலையில் கோலாரில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி. எங்கள் பள்ளியிலிருந்து யாராவது ஒருவர் போயாக வேண்டும். எனக்கு முழங்கால் வலி, தலைமையாசிரியர் கொர்னேலியஸ் சாருக்கு ஆபீஸ் வேலை. ஈவ்லின் டீச்சர் போனார். பயிற்சிக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, மதியம் சாப்பிட்டு, அரைத் தூக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் வழக்கம். இவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை முழுக்க எழுதிக்கொண்டு வந்தார்.

பன்முக நுண்ணறிவு என்று தலைப்பு. புத்தி ஒன்றல்ல, பல வகை. சொல்லில் ஓடும் புத்தி, கணக்கில் ஓடுவது, படமாகவும் வடிவமாகவும் பார்ப்பது, கைகாலால் யோசிப்பது, ஓசையில் பிடிப்பது, அடுத்தவரைப் புரிந்துகொள்வது, தன்னைத் தானே அறிவது, செடிகொடி பிராணிகளைக் கவனிப்பது. ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் இவை வேறு வேறு அளவில் கலந்திருக்கும், அதைப் பார்த்துக் குழு வேலைகளை அமைக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் வாசித்துக் காட்டினார். பதினொரு பிள்ளைகளுக்கு எட்டு மூளையா என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இருவது வருஷமா நான் ஒரே மாதிரிதான் கேள்வி கேட்டுகினு இருந்திருக்கேன் சார். அதுக்குப் பதில் சொல்லாத புள்ளைங்கள எல்லாம் மக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சிட்டேன்" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் பாடமே நடத்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், சண்டை வந்தால் யார் விலக்குகிறார்கள், யார் சுவரில் கரியால் வரைகிறார்கள், எல்லாம் நோட்டில் ஏறியது. சரத் என்ற ஏழாம் வகுப்புப் பையன் எதைப் பார்த்தாலும் எண்ணுவான். அமலா ஒருமுறை போன வழியை அப்படியே படமாகப் போட்டுவிடுவாள். உதய் உட்கார்ந்தால் படிக்கமாட்டான், ஓடிக்கொண்டே கேட்டால் எல்லாம் சொல்வான்.

நோட்டில் நளினிக்கென்று ஒதுக்கிய பக்கம் மட்டும் காலியாக இருந்தது. பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வகுப்பில் பேசமாட்டாள். கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். மூன்று வருடம் என் அறையில் இருந்தவள்தான். அந்த மூன்று வருடத்தில் அவள் குரலை நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

செப்டம்பரில் முதல் குழு வேலை. அது படுதோல்வி. ஒரே மாதிரிப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். பாடுகிறவர்கள் ஒரு குழு, வரைகிறவர்கள் ஒரு குழு, ஓடுகிறவர்கள் ஒரு குழு. பாடுகிறவர்கள் பாட்டுக் கட்டினார்கள், அதில் பாடம் இல்லை. வரைந்தவர்கள் கலர் பென்சிலுக்கு அடித்துக்கொண்டார்கள். ஓடுகிற குழு கேட்டைத் தாண்டி, சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுப் பக்கம் போய்விட்டது. டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி அவர்களைக் கூட்டிவந்தார். கொர்னேலியஸ் சார் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, வயசான காலத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் யோசித்தார். ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலையாக இருந்தால்தான் அது குழு வேலை என்று ஒருநாள் தானாகவே சொன்னார். நவம்பரில் பின்னப் பாடம். கால், அரை, முக்கால். பாடப் புத்தகத்தில் வட்டமான ரொட்டிப் படம் போட்டிருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, நான்கு பிளாஸ்டிக் குடம் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் தெருக்களில் தண்ணீர் வருவது எப்போதோ ஒரு நாள். வரும் நாளில் மற்ற எல்லாம் நிற்கும். அன்று பள்ளிக்கு எதிர்க் குழாயில் தண்ணீர் வந்தது. கலவையான குழுக்கள். உதய் லிட்டர் லிட்டராக அளந்து குடத்தில் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு லிட்டருக்கும் மட்டம் எங்கே நிற்கிறது என்று அமலா குடத்தை வரைந்து கோடு போட வேண்டும். சரத் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொரு பெண் வரிசையில் நிற்கிற அம்மாக்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று கேட்டு வர வேண்டும். சரத் கணக்குப் போட்டு, பன்னிரண்டு லிட்டர்க் குடத்தில் ஆறு லிட்டர் என்பது பாதி உயரத்தில் நிற்கவில்லை, கீழேயே நின்றுவிட்டது என்று கத்தினான். வயிறு பெருத்தும் கழுத்து சிறுத்தும் இருப்பதால் பாதி உயரம் வேறு, பாதித் தண்ணீர் வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நான் என் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுவிட்டேன்.

நளினி குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். குடத்தில் தண்ணீர் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே, "முக்கால்" என்றாள்.

உதய் குழாயை மூடினான். அமலா போட்ட கோடுகளைப் பார்த்தார்கள். ஒன்பது லிட்டர்க் கோட்டை ஒட்டி நின்றது தண்ணீர். மறுபடி காலிக் குடம் வைத்தார்கள். கால் என்றாள், அரை என்றாள், மூன்று முறையும் சரியாக இருந்தது. எப்படித் தெரியும் என்று டீச்சர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"சத்தம் மாறும் டீச்சர். வூட்ல நான் உள்ள சோறு வடிச்சிகினு இருப்பேன். குடம் வெளிய இருக்கும். வழியறதுக்கு முன்ன ஓடணும்."

அம்மாவும் அப்பாவும் ரயிலேறிப் போன பிறகு வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பது அவள்தான். அவள் மூன்று வருடம் பேசாதிருந்த காரணம் எனக்குத் தெரியாது. அன்று அவள் சொன்னதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த இரண்டு மாதமும் அவள் பேசினாள். அதிகமில்லை, ஆனாலும் பேசினாள். டீச்சர் அவளை மெதுவாக எழுத்துப் பக்கம் கொண்டுவரத் திட்டம் போட்டிருந்தார். முதலில் காது, பிறகு வாய், பிறகு கை என்று என்னிடம் சொன்னார். இன்னும் ஒரு வருடம் போதும் என்றார்.

ஜனவரியில் ஒரு கல்வி அதிகாரி பார்வையிட வந்தார். அன்றும் பிள்ளைகள் வெளியே குழுக்களாக இருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. நின்று பார்த்தார், குடத்து விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பிறகு நோட்டுகளைக் கேட்டார். நோட்டுகள் ஒல்லியாக இருந்தன. நளினியைக் கூப்பிட்டு முக்கால் என்பதை எண்ணில் எழுதச் சொன்னார். அவள் சாக்பீஸை வாங்கிப் பலகையில் மூன்றும் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். முப்பத்துநாலு. நடுவில் கோடு இல்லை, மேல் கீழ் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே ஏதோ தப்பென்று தெரிந்துவிட்டது. சாக்பீஸைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் செய்வது நல்ல முயற்சி, ஆனால் தன் படிவத்தில் அதற்கு இடமில்லை என்று அதிகாரி கன்னடத்தில் சொன்னார். நான் அங்கேதான் நின்றேன். இந்தப் பெண் மூன்று வருடம் பேசாதவள், இப்போதுதான் பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. பேசாமல் நின்றேன். படிவத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் எழுத்துத் தேர்ச்சியும் ஏறின. இரண்டும் குறைவு.

பள்ளியை வேறொன்றோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் பெற்றோர் பிள்ளைகளை எடுக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்த கையோடு, வீடு வீடாகப் போனார். துணைக்கு நானும் போனேன். நளினியின் அப்பா ராஜ்குமார் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்க்கிறவர். எங்களை உட்காரவைத்து, டீ வாங்கிவரச் சொல்லி, மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். குழு வேலையைப் பற்றி, அவர் பெண்ணின் காதைப் பற்றி, டீச்சர் எல்லாம் சொன்னார். எழுத்து வந்துவிடும், ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்றார்.

ராஜ்குமார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். உங்க பொண்ணு இன்னா மீடியம் படிக்குது?"

டீச்சரின் கணவர் டேவிட்டும் ரயிலேறிப் பெங்களூர் போகிறவர்தான். அவர்களுடைய ஒரே பெண் ராபர்ட்சன்பேட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதை மறைக்கவில்லை. சொன்னார். ராஜ்குமாரும் ஜெயித்துவிட்டது போல நடந்துகொள்ளவில்லை. தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வரும் வழியில் டீச்சர், இனி யார் வீட்டுக்கும் போக வேண்டாம் சார் என்றார். போகவில்லை.

மே மாதம் உத்தரவு வந்தது. பெஞ்சுகளை ஒரு வண்டி, அலமாரிகளை இன்னொரு வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் நாலாப்பக்கமும் சிதறிப்போனார்கள். நளினியைக் கன்னடவழிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள், இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கைத் தேர்வில் கேட்டதை அவளால் எழுத முடியவில்லையாம்.

டீச்சருக்கு பேத்தமங்களா பக்கம் ஒரு பெரிய பள்ளியில் மாற்று வேலை. அங்கே ஒரு வகுப்பில் ஐம்பத்தாறு பிள்ளைகள். கன்னடம் நன்றாகப் பேசுவார், எழுத்து மட்டும் தடுமாறும். அதனால் வகுப்பு குறைவு. முட்டை விநியோகம், வருகைப் பதிவு, ஆதார் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இவைதான் பெரும்பாலும் அவர் வேலை. முதல் மாதத்தில் ஒரு வகுப்பு கிடைத்தபோது குழு பிரித்துப் பார்த்திருக்கிறார். பெஞ்சுகள் நகரவில்லை. பிள்ளைகள் எழுந்து இடம் மாறிய சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. பாடம் பாதியில் நின்றது. பிறகு முயலவில்லை.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் டீச்சர் நளினியைப் பார்த்திருக்கிறார். அம்மாவோடு காய் வாங்க வந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நளினி நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புதுப் பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லை, ஊமையா என்று கேட்டு அனுப்பினார்கள் என்று அம்மாதான் பதில் சொன்னார். வரும் ஜூனில் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு தையல் யூனிட்டில் நூல் வெட்டுகிற வேலைக்குத் தன்னோடு கூட்டிப்போகலாம் என்றிருக்கிறார்களாம். டீச்சர் மறுபடியும் நளினியிடம் ஏதோ கேட்டார். அவள் காய்ப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்று மாலையே டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னார். என் மனைவி கொடுத்த காபியைத் தொடவில்லை.

"ரெண்டு மாசம் பேச வெச்சிட்டு வுட்டுட்டேன் சார். அதுக்கு நான் அவளத் தொடாமலே இருந்திருக்கலாம்."

அப்படி இல்லை டீச்சர் என்று சொன்னேன்.

பிப்ரவரியில் அவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பத்தைக் கன்னடத்தில் நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். உடல்நிலை என்று போடச் சொன்னார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்படியே எழுதினேன், கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனார்.