முதலில் கத்தரி

ஆண்டிமடத்தில் வீட்டிலேயே தைத்துக்கொடுக்கும் ஓர் அக்காவிடம், தங்கை வளைகாப்புக்கு நான் போட வேண்டிய ரவிக்கையைத் தைக்கக் கொடுத்திருந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப், உதட்டில் குண்டூசி. யார் துணி கொண்டுவந்தாலும் உடனே வெட்டிவிடுவார். தைப்பது எப்போது என்று அவருக்கே தெரியாது. கட்டில் முழுக்கக் கை வைத்துத் தைக்காத யூனிஃபார்ம்கள், ஓரம் அடிக்காத தலையணை உறைகள். நடுவே, மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கென ஆரம்பித்த ஒட்டுத்துணி மெத்தை.

மறுநாள் வளைகாப்பு. வாங்கப் போனால், என் ரவிக்கையில் இன்னும் கொக்கி வைக்கவில்லை.

“இதோ ஆச்சும்மா,” என்றபோது போன் அடித்தது. மகளுக்கு வலி எடுத்து அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் கை நடுங்கியது.

“நீங்க கெளம்புங்கக்கா, கொக்கிய நானே வச்சுக்கறேன்.”

பாதி மெத்தையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எதிரே ஒரு பெண் பட்டுத்துணியும் அளவு ரவிக்கையுமாக வந்தாள். உடனே உள்ளே திரும்பிக் கத்தரியை எடுத்தார்.

“இப்பப் போயா?” கத்திவிட்டேன்.

“வெட்டாம வச்சா வேற டெய்லர்கிட்ட போயிரும்மா.”

நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கை, பட்டுத்துணியை ஓர் இழை பிசகாமல் வெட்டியது. பிறகுதான் பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்தக் கையை நினைத்தால் கோபப்படுவதா பயப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.