வாங்காமல் விட்ட வில்லுக்கத்தி

கதிர்காமு மாமாவிடம் பன்னிரண்டு வில்லுக்கத்திகள் இருந்தன. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற, மரப்பிடி வைத்த சாதாரணக் கத்திகள்தான். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில் பதுளையிலிருந்து நெடுந்தீவுக்குத் திரும்பியபோது, உடுத்திருந்த சாரத்தையும் இந்தக் கத்திகள் சுற்றிய துணிப் பொட்டலத்தையும் தவிர அவர் எதையும் கொண்டுவரவில்லை. இருபத்திரண்டு வருடம் அவர் வேலை செய்த இரும்புக்கடை தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. அன்னபூரணம் மாமி அழுதுகொண்டே பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்தாராம். உயிர் தப்பி ஓடிவந்த மனுசன் பொறுக்கிக்கொண்டு வந்ததைப் பார் என்று பிறகு எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அவை கடையில் கழித்துவிட்ட கத்திகள். பிடி வெடித்தும் உடைந்தும் வந்தவற்றை முதலாளி எறியச் சொல்ல, மாமா அலகு நல்லதாக உள்ளவற்றை எடுத்து வைத்துக்கொள்வார். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் இருந்த சிங்களத் தச்சர் ஜினதாச அவற்றுக்குப் புதுப் பிடி போட்டுக் கொடுப்பார். ஒன்றுக்குப் பலா, ஒன்றுக்குக் கருங்காலி, ஒன்றுக்கு முதிரை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. கலவரம் தொடங்கிய அன்று, பிடிகளுக்கு மெழுகு பூசுவதற்காகப் பன்னிரண்டும் பட்டறையில் இருந்தன. அவை தப்பியது அதனால்தான். மாமா தப்பியதும் அதே பட்டறையில்தான். பலகை அடுக்குக்குப் பின்னால் மூன்று நாள் அவரை ஜினதாச ஒளித்து வைத்திருந்தார்.

நெடுந்தீவின் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. சனிக்கிழமை காலையில் மாமா கத்திகளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். தீட்டுக்கல்லில் இரண்டு இழுப்பு, பழந்துணியால் ஒரு துடைப்பு, பிறகு கோழி இறகால் அலகு மடியும் ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்து வில் இறுகிவிடும் என்பார். பிடிக்கு மட்டும் மெழுகு. வலைக் கயிறு வெட்டவும் ஆட்டுக்குக் குழை அரியவும் அயலவர்கள் அவரிடம்தான் கத்தி கேட்டு வருவார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். ஆனால் கையில் கொடுக்கவும் மாட்டார். மடித்து, எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள கல்வேலியின் மேல் வைப்பார். வந்தவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுப்பதும் அப்படித்தான். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்றவர்கள் அவசரத்தில் மறந்தாலும் மாமா மறப்பதில்லை.

எண்பத்தாறில் ஒரு நாள் கடற்றொழிலுக்குப் போகும் எமிலியானுஸ் அண்ணை ஈரச் சாரத்தோடு வந்து நின்று கையை நீட்டினார். மாமா வழக்கம்போல் கத்தியை வேலியில் வைத்தார்.

“கையில தந்தா என்ன, குறைஞ்சு போமோ?”

“தந்தா நாளைக்கு நீர் மீன் தரமாட்டீர்.”

“நீட்டின கையைப் பாத்துக்கொண்டு நிக்கிற மனுசனுக்கு மீன் ஒரு கேடோ?” என்று எமிலியானுஸ் அண்ணை சிரித்துக்கொண்டே போனார்.

பகிடியாகச் சொன்ன அந்த ‘நீட்டின கை’ மாமாவை எங்கேயோ தைத்துவிட்டது. அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜினதாசவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சிங்களம் பேச மட்டுந்தான் வரும். ஜினதாசவின் மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன், ஆங்கிலம் எழுத வரும். அப்போதுதான் பதின்மூன்றாவது கத்தியைப்பற்றிச் சொன்னார்.

அகதி முகாமுக்குப் போகும் லொறியில் அவர் ஏறிய பிறகு ஜினதாச ஓடிவந்து பொட்டலத்தை உள்ளே போட்டார். பிறகு மடியிலிருந்து ஒரு புதுக்கத்தியை எடுத்தார். மாமா ஒளிந்திருந்த மூன்று நாளும் அவருக்கென்று இருந்து செய்தது, பலா வேரில் பிடி. வில் வேலை செய்வதைக் காட்ட அலகை விரித்து நீட்டினார். மாமா நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜினதாச லொறிப் பலகையில் வைப்பார், எடுக்கலாம் என்று காத்து நின்றார். கடையில் எதையும் மேசையில் வைத்துத்தான் கொடுப்பது. அதனால் இத்தனை வருடப் பழக்கத்திலும் இந்த வழக்கம் ஜினதாசவுக்குத் தெரியவந்ததில்லை. அவர் மாமாவின் கையைப் பார்த்தார். விரித்த கத்தியைப் பார்த்தார். முகம் கறுத்துப்போய் அதை மடித்து மடிக்குள் வைத்தார். மாமா வாய் திறப்பதற்குள் லொறி வெளிக்கிட்டுவிட்டது.

“நான் பயந்து கையை எடுக்கேல்லை, பிள்ளை. என்னைக் காப்பாத்தின மனுசன். அவர் குத்துவார் எண்டு நான் நினைப்பனோ? அதை விளங்க எழுதும்.”

நான் எழுதினேன். சுகம் விசாரித்தேன், நன்றி சொன்னேன். கத்தி விஷயத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆங்கில ஆசிரியை வாசிக்கப்போகும் கடிதத்தில் இப்படியொரு மூடநம்பிக்கையை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைய கலக்கத்தில் அப்படி நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று ஒரே வசனத்தில் முடித்தேன். வாசித்துக் காட்டும்போது மாமா சொன்னதையே தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மகள்தான் எழுதியிருந்தார். மன்னிக்க ஒன்றுமில்லை என்று அப்பா சொல்கிறார். அந்த நேரத்தில் யார் கையில் கத்தியைக் கண்டாலும் பயம் வருவது நியாயந்தான். கத்தியை விரித்து நீட்டியது தன்னுடைய புத்திகெட்ட வேலை என்று இன்றைக்கும் சொல்லி வருந்துகிறார். அந்தக் கத்தியால் அவர் எதையும் வெட்டுவதில்லை. பயம் என்று வந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“முறையை விளங்கிக்கொண்டாரோ?” என்று மாமா கேட்டார்.

“ஓம் மாமா.”

“அப்ப ஏன் கத்தியை அனுப்பேல்லை?” என்று கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னார். “தபால்காரனும் கையிலதானே தருவான். நேர போய் மேசையில வைக்கச் சொல்லி வாங்குவம்.”

அந்த வாரமே மாமியைக்கொண்டு கத்திகளுக்கு ஒரு துணியுறை தைப்பித்தார். அதில் பதின்மூன்று அறைகள். பதுளைக்குப் போவதைப்பற்றி ஒவ்வொரு வருடமும் பேசினார். பாதை நல்லாகட்டும் என்று மாமி மறித்தார். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபின் போவதற்குப் பாதையே இருக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு மார்கழியில், மூன்று நாள் காய்ச்சலில், மாமா இறந்துபோனார். அந்த ஆறு வருடத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல நினைத்தேன். கடைசி அறையைத் தடவிக்கொண்டு அவர் கதைக்கும்போது வாய் வரவில்லை.

பதுளையில இருக்கிற அந்தாளுக்கு அறிவிக்கவேணும், எழுதிவிடும் பிள்ளை என்று மாமி கேட்டார். எழுதினேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டோம். போய்ச் சேர்ந்ததோ தெரியாது, பதில் வரவில்லை. அதில் மரணச் செய்தியைப் பின்னுக்கு வைத்துவிட்டு, மாமா ஏன் கையை இழுத்தார் என்பதைத்தான் முதலில் எழுதினேன். அதற்கு ஆங்கிலத்தில் நாலு வரி போதுமாயிருந்தது.