நாவற்பழம் தின்ற குற்றம்

வெள்ளைக்காரன் காலத்தில், என் அக்காளின் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. பத்து நாளானதும், அழுதால் அதன் உதடும் நகமும் நீலம் பூத்தன. காரணம் கண்டுபிடிக்க எங்கள் ஊருக்கு அரை நாள் போதுமாயிருந்தது. பிள்ளை வயிற்றிலிருக்கும்போது அக்காள் கூடை கூடையாக நாவற்பழம் தின்றாளாம், சாயம் இறங்கிவிட்டதாம். கண்டுபிடித்தவர் அக்காளின் மாமியார்.

"அப்போ வெள்ளரிக்காய் தின்னவங்க பிள்ளையெல்லாம் பச்சையாவுங்களா பொறந்துது?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் பைனல் படிச்சா வாய் இத்தன நீளமாயிருமாட்ட இருக்குது" என்றார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அந்தக் குறையை வீட்டில் எல்லோரும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் நாவற்பழமாயிருந்தாலும் வைத்தியம் என்னவோ வயிற்றுக் கோளாறான மாந்தத்துக்கு உள்ளதுதான்: விரலி மஞ்சளைச் சுட்டு வயிற்றில் மூன்று இடத்தில் சூடு. அதற்கென்று பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தார். சூடு போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. காது குத்தவும் அதே மடிதான். தாய்மாமன் நான். இருபது வயதில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அந்த மடி.

"கோயமுத்தூர் டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வாரேன். அதுவரைக்கும் என் மடி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அத்தனை தைரியம் கொடுத்தது சுகாதாரப் புத்தகத்தில் இருந்த ஒரு படம். இருதயம், நாலு அறை, நடுவே நேரான சுவர். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம். அதைப் பார்க்காமலே வரைந்து வாத்தியாரிடம் மெச்சுதல் வாங்கியவன் நான். வரையத் தெரிந்த ஒன்றைப் பழுது பார்க்கவும் எங்கோ ஓர் ஆள் இருப்பார் என்று நம்பினேன்.

பல்லடத்தில் பஸ் ஏறி, அக்காளும் நானும் குழந்தையோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். குழந்தை வீறிட்டது, உதடு நீலமாகி, பிறகு கறுத்தது. காற்றோட்டத்துக்கு உடம்பு நீட்டி இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்தது. உடனே அதன் கால்களைப் பிடித்து நீட்டினேன். மூச்சு இன்னும் திணறியது.

"உடு தம்பி!" அக்காள் குழந்தையைப் பிடுங்கி, இரண்டு முழங்காலையும் மடக்கி அதன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஆரு அம்மணி சொல்லிக்கொடுத்தாங்க?"

"ஆருமில்லீங்க. இப்படி மடக்குனாத் தணியுதுங்க."

சொல்லிக்கொடுக்க நான் ஒருவன் பக்கத்திலேயே இருந்தேன் என்பதை அவர் கவனிக்காதது நல்லதாயிற்று.

பிறகு ஒரு சீட்டில் அதே நாலு அறையை வரைந்தார். என்னுடையதைவிடச் சுமார்தான். ஆனால் நடுச்சுவரில் ஓர் ஓட்டை வைத்தார். நுரையீரலுக்குப் போகும் குழாயை ஒடுக்கினார். கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாக வழியில்லாமல், ஓட்டை வழியாக நல்ல ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போய்விடுகிறது. அந்த நீலம் அதுதான் என்றார். கருவிலேயே அமைந்துவிடுவது, அபூர்வமாக வருவது. அதற்கு நீளமாக ஒரு பெயரும் சொன்னார்.

"மருந்துங்க?"

"இல்லை."

"ஆப்பரேஷனுங்க?"

"இருதயத்தில கத்தி வெக்கிற ஆளு இன்னும் பொறக்கலையப்பா."

ஆக, பெயர் மட்டும் இருந்தது.

அக்காள் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் நாவப்பழம் தின்னதுனாலயாங்க?"

"இல்லை அம்மணி. நீ எதைத் தின்னிருந்தாலும் இது வந்திருக்கும்."

அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். அதுவரை பாதி புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு, அது மட்டும் முழுக்கப் புரிந்து தொலைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்காள் கேட்டாள்: "கடைசியில என்னமோ சொன்னாரே?"

"பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கச் சொன்னாருக்கா."

"அதுக்கா அத்தன நீளமாச் சொன்னாரு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அடுப்பு தயாராயிருந்தது. சூடு போடுகிறவர் வெற்றிலையை மென்றபடி, "மாமன் வந்தாச்சுங்களா? உக்காருங்க" என்றார். நான் சீட்டைப் பிரித்து ஓட்டையைக் காட்டினேன்.

"காயிதத்துல ஓட்டை போட ஆராலதான் முடியாதுங்க?" என்றார் அவர்.

அக்காள் மாமியாரைப் பார்த்தாள். "நாவப்பழம் இல்லையாமுங்க அத்தை. டாக்டரே சொல்லிப்போட்டாரு. சூடு வேண்டாமுங்க." குரல் உயரவில்லை. அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். புகை எழும்பிக் குழந்தை அழத் தொடங்கியது.

தாய்மாமன் மடி கேட்டார்களே, கொடுத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை வாங்கி, அக்காள் செய்தபடியே முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

"இன்னுங் கொஞ்சம் மேல, தம்பி" என்றாள் அக்காள்.